ஒளிமூலங்களைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருக்கிறேன். ஒளிமூலங்கள் பாடம் வரும்போதெல்லாம் பெற்றோர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றை இங்கே சேர்த்து, வகுப்பில் நான் பார்த்ததை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஐந்து வயது முதல் எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது.

பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

இருட்டிலிருந்து. நான் முதல் சில வருடங்கள் கரும்பலகையில் "சூரியன், நட்சத்திரம், மின்னல், விளக்கு, டார்ச்" என்று எழுதிப்போட்டுத்தான் தொடங்கினேன். பிள்ளைகள் அழகாகத் திருப்பிச் சொன்னார்கள். ஆனால் மறுநாள் ஒரு ஸ்டீல் டம்ளரைக் காட்டி "இது ஒளிமூலமா?" என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்றார்கள், டம்ளர் பளபளக்கிறதே. பட்டியல் வாயில் இருந்தது, விஷயம் உள்ளே போகவில்லை.

இப்போது ஒரு ஷூ பெட்டியோடு வகுப்புக்குப் போகிறேன். ஆம்பூர், பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை பக்கமெல்லாம் தோல் கம்பெனிக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போகிற வீடுகள் நிறைய. அட்டைப் பெட்டி கேட்டால் யாராவது ஒரு பிள்ளை கொண்டுவந்துவிடும். பெட்டியின் ஒரு பக்கத்தில் கண் வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஓட்டை. மூடியில் இன்னொரு ஓட்டை, அதை அட்டைத் துண்டால் மூடித் திறக்கிற மாதிரி. உள்ளே ஒரு கோலிக்குண்டோ புளியங்கொட்டையோ போட்டு மூடிவிடுங்கள். மூடி இடுக்கிலும் வெளிச்சம் போகக்கூடாது, பழைய துணியால் சுற்றிவிட்டால் நல்லது.

"உள்ளே இன்னா இருக்கு?" என்று கேளுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். மேல் ஓட்டையைத் திறந்ததும் "கோலி! கோலி!" என்று சத்தம் வரும். பெட்டிக்குள் எதையும் நாம் மாற்றவில்லை, வெளிச்சம் மட்டும்தான் உள்ளே போனது. இதை நீங்கள் வாயால் சொல்லவே வேண்டாம், ஐந்து நிமிடம் அவர்களைத் திறந்து மூட விட்டால் போதும்.

போன வருடம் ஒரு பையன், "கொஞ்ச நேரம் பார்த்துக்கினே இருந்தா தெரியும் டீச்சர்" என்று உறுதியாகச் சொன்னான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் விளக்கை அணைத்தபிறகு முதலில் ஒன்றும் தெரியாது, அப்புறம் கதவு, கட்டில் எல்லாம் மெல்லத் தெரியும். அங்கே ஜன்னல் வழியாகத் தெருவிளக்கோ நட்சத்திர வெளிச்சமோ கொஞ்சமாவது வந்துகொண்டிருக்கும், கண் அதற்குப் பழகிக்கொள்கிறது. முழு இருட்டை நம் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. அந்தப் பையனை ஓட்டையில் கண் வைத்து நூறு வரை எண்ணச் சொன்னேன். எண்ணி முடித்துவிட்டு அவனே, "வெளிச்சம் துளிகூட இல்லன்னா ஒண்ணுமே தெரியாது" என்று வகுப்புக்கு அறிவித்தான்.

"ஒளிமூலம்" என்ற சொல்லைச் சின்னப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

சொல்லைக் கடைசியில் கொடுங்கள். முதலில் ஒரு கேள்வியைப் பழக்குங்கள்: "இதை இருட்டு அறைக்குள் தனியாகக் கொண்டுபோனால் இது தெரியுமா?" தெரிந்தால் அதிலிருந்து வெளிச்சம் வருகிறது. தெரியவில்லை என்றால் அது வேறு எதனிடமிருந்தோ வந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

ஒரு கூடையில் டார்ச், ஸ்டீல் டம்ளர், முகம் பார்க்கும் கண்ணாடி, ஜிகினாத் தாள், அகல் விளக்கு, செல்போன், இலவம்பாடி கத்திரிக்காய் என்று கலந்து போடுகிறேன். (நம்ம ஊர் முள்ளுக் கத்திரிக்காயின் பளபளப்பு ஒரு மாம்பழத்துக்கும் வராது, அதனால்தான் அதை எடுத்தேன்.) பிள்ளைகள் முதலில் வெளியில் வைத்துப் பிரிப்பார்கள். அப்புறம் ஜன்னல் சாத்திய அறையில், போர்வைக்குள்ளே ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். கத்திரிக்காய் கூடையின் வேறு பக்கத்துக்கு மாறும் நேரம்தான் பாடம் நடக்கிற நேரம். அந்தக் கேள்வி பழகிய பிறகு "தானாகவே வெளிச்சம் தருவதற்கு ஒளிமூலம் என்று பெயர்" என்று சொன்னால், சொல் போய் உட்கார இடம் தயாராக இருக்கும்.

இதில் ஒரு நல்ல சண்டை வரும். டார்ச்சை நிறுத்தி வைத்தால் அது ஒளிமூலமா? ஏற்றாத அகல்? "இப்போ இல்ல, ஏத்தினா ஆமா" என்று ஒரு பெண் குழந்தை சொன்னாள். இதைவிடச் சரியான பதிலை நான் சொல்லிவிட முடியாது.

நிலா ஒளிமூலமா, இல்லையா? சில பயிற்சிப் புத்தகங்களில் இயற்கை ஒளிமூலம் என்று போட்டிருக்கிறதே?

இல்லை. நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, சூரிய ஒளி அதன்மேல் பட்டுத் திரும்பி வருகிறது. அதுவும் படுகிற ஒளியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் திரும்புகிறது. மற்றதை நிலாவின் கருமையான மண்ணும் பாறையும் விழுங்கிவிடுகின்றன.

கடையில் வாங்கிய ஒரு பயிற்சிப் புத்தகத்தில் "சூரியன், நிலா, நட்சத்திரங்கள்" என்று சேர்த்து அச்சாகி இருந்ததைப் பார்த்து, நானே ஒரு வருடம் அப்படி எழுதிப்போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் பிள்ளைகள் முன்னால், "டீச்சர் தப்பாச் சொல்லிட்டேன், வாங்க சேர்ந்து சரி பண்ணலாம்" என்று திருத்தினேன். உங்கள் கையில் உள்ள புத்தகத்தில் அப்படி இருந்தாலும் தயங்காமல் அடித்துத் திருத்துங்கள். ஆறு வயதில் உள்ளே போன தப்பு, பத்தாம் வகுப்பில் கிரகணம் படிக்கும்போதும் வந்து குறுக்கே நிற்கும்.

பிள்ளைகள் இதை லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நம் பேச்சும் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது. வெயிலும் காய்கிறது, நிலாவும் காய்கிறது என்கிறோம். நிலா வெளிச்சம் என்கிறோம். அந்தப் பேச்சு தப்பு என்று சொல்லத் தேவையில்லை. அந்த வெளிச்சம் எங்கிருந்து புறப்பட்டது என்று மட்டும் கேட்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் ஒரு வெள்ளைப் பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் டார்ச் அடிப்போம். டார்ச்சை நிறுத்தினால் பந்து காணாமல் போகும், போட்டால் வரும். அப்புறம் டார்ச் பிடித்தவரை அதே இடத்தில் நிற்கவைத்துவிட்டு, பிள்ளைகளைப் பந்தைச் சுற்றி நடக்கச் சொல்வேன். ஓரிடத்தில் முழு வட்டம், ஓரிடத்தில் பாதி, ஓரிடத்தில் மெல்லிய கீற்று. "பிறை!" என்று முதலில் கத்துகிறவர்கள் பெரும்பாலும் ரம்ஜானுக்குப் பிறை பார்க்க அத்தாவோடு மாடி ஏறிய பிள்ளைகள். மேல்விஷாரம், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் பாடம் எடுப்பவர்கள் இதை அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

ஸ்ரீபுரம் பொற்கோயிலை இரவில் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அதையும் கேளுங்கள். தங்கத் தகடு அப்படித் தகதகக்கிறதே, லைட்டை எல்லாம் நிறுத்திவிட்டால்? கொஞ்சம் யோசித்துவிட்டுத் தெரியாது என்பார்கள். நிலாவும் அப்படித்தான். விடியற்காலையில் பெரிதாக மின்னுகிற விடிவெள்ளியும் அப்படித்தான், வெள்ளி என்பது சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு கோள்.

பூனைக் கண்ணும் வண்டியில் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரும் இருட்டில் ஒளிர்கின்றனவே?

இரண்டுமே போர்வைச் சோதனையில் தோற்றுவிடும். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. நம் டார்ச் வெளிச்சம் அதில் பட்டு நம்மிடமே திரும்பி வருகிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அது உண்டு, கொட்டகையில் டார்ச் அடித்துப் பார்த்த பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஸ்டிக்கர் விஷயம் கொஞ்சம் குழப்பமானது, ஏனென்றால் நாம் இரண்டு வேறு பொருள்களுக்கு "ரேடியம்" என்ற ஒரே பெயரை வைத்திருக்கிறோம். இரண்டிலும் ரேடியம் கிடையாது. வண்டி நம்பர் பிளேட்டிலும் மாட்டு வண்டியின் பின்னாலும் ஒட்டுவது, பின்னால் வருகிற வண்டியின் ஹெட்லைட்டைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். குழந்தைகள் அறையில் சுவரில் ஒட்டும் நட்சத்திர ஸ்டிக்கர் வேறு. அது பகல் வெளிச்சத்தை உள்வாங்கி வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்தபிறகு கொஞ்ச நேரம் மெல்ல வெளிவிடுகிறது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அது ஒளிமூலம்தான். இரண்டையும் வாங்கி வந்து போர்வைக்குள் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், பத்து ரூபாய் செலவில் அருமையான பாடம்.

கண்ணிலிருந்து ஏதோ போய்ப் பொருளைத் தொடுவதால் பார்க்கிறோம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். திருத்த வேண்டுமா?

திருத்த வேண்டும், ஆனால் மெல்ல. இது முட்டாள்தனமான எண்ணம் இல்லை. பண்டைய கிரேக்க அறிஞர்கள் பலர் கண்ணிலிருந்து கதிர் புறப்படுகிறது என்றே நம்பினார்கள். ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருகிறது என்று காரணங்களோடு எழுதினார். கண்ணிலிருந்தே கதிர் போகிறதென்றால், சூரியனைப் பார்த்தால் ஏன் கண் வலிக்க வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட விஷயங்களில் ஒன்று. இந்தக் கேள்வி ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

"பார்வையை வீசினான்", "கண்ணொளி" என்றெல்லாம் நம் பேச்சிலேயே அந்தப் பழைய எண்ணம் ஒட்டியிருக்கிறது. அதனால் பிள்ளை அப்படி நினைப்பது இயல்பு.

எனக்குக் கைகொடுத்தது தீபாராதனை. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போயிருக்காத பிள்ளைகள் எங்கள் பள்ளியில் குறைவு. பழைய கருங்கல் கோயில்களின் கருவறைக்கு ஜன்னல் கிடையாது. "தூரத்துல நிக்கும்போது சாமி முகம் தெரிஞ்சுதா?" "இல்ல டீச்சர்." "எப்போ தெரிஞ்சுது?" "ஐயரு கற்பூரம் காட்டும்போது." வெளிச்சம் கற்பூரத்தில் புறப்பட்டது, சாமி முகத்தில் பட்டது, அங்கிருந்து உன் கண்ணுக்கு வந்தது. மூன்று பிள்ளைகளைக் கற்பூரமாகவும் சாமியாகவும் கண்ணாகவும் நிற்கவைத்து, ஒரு நூல்கண்டை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகவிட்டால் வழி கண்ணுக்குத் தெரியும். மசூதிக்கோ மாதாகோவிலுக்கோ போகிற பிள்ளைகளுக்கு, கரண்ட் போன இரவில் அம்மா மெழுகுவத்தி ஏற்றி எதிரே வைத்ததைச் சொல்லுங்கள், அதே மூன்று பேர்தான்.

இயற்கை, செயற்கை என்று பிரிக்கச் சொல்கிறார்கள். தீ எந்தப் பக்கம்?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. சூரியன், நட்சத்திரம், மின்னல், மின்மினி ஒரு பக்கம். டியூப் லைட், டார்ச், தெருவிளக்கு இன்னொரு பக்கம். தீ இந்தக் கோட்டின்மேலேயே உட்கார்ந்துகொள்ளும். கோடையில் ஜவ்வாது மலையில் காய்ந்த புல் பற்றி எரிவதைத் தூரத்திலிருந்து பார்க்கிறோம். மின்னல் விழுந்து மரம் எரிந்தால் அது இயற்கை, யாரோ பீடியை அணைக்காமல் போட்டு எரிந்தால்? நெருப்பு ஒன்றுதான், பற்றவைத்தவர்தான் வேறு.

குடியாத்தத்துப் பிள்ளைகளிடம் தீப்பெட்டியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இங்கே தீப்பெட்டி வேலை பார்க்கும் குடும்பங்கள் பல. குச்சி முனையில் இருக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது, பெட்டியின் பக்கவாட்டில் தேய்க்கும் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கிறது. இரண்டும் உரசும்போதுதான் பற்றும், அதனால்தான் அதற்குப் பாதுகாப்புத் தீக்குச்சி என்று பெயர் வந்தது. இந்த வேதியியல் பெயர்கள் ஆறு வயதுக்கு வேண்டாம். "குச்சி ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம், ரெண்டும் சேர்ந்தாத்தான் தீ" என்பது போதும். குச்சியை உரசிக் காட்டுவது ஆசிரியர் மட்டும். தண்ணீர் வாளி பக்கத்தில் இருக்கட்டும்.

பரீட்சையில் அகல் விளக்கு, மெழுகுவத்தி எல்லாம் செயற்கை என்று எழுதினால் மதிப்பெண் வரும். அதையும் சொல்லிக்கொடுங்கள், பிள்ளை மதிப்பெண் இழக்க வேண்டாம். ஆனால் "ஏன் அங்கே வைத்தாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குண்டு பல்பு, டியூப் லைட், எல்.இ.டி. வித்தியாசம் சொல்ல வேண்டுமா?

இந்த வயதுக்கு ஒரே ஒரு வித்தியாசம் போதும்: சூடு. குண்டு பல்பில் மெல்லிய டங்ஸ்டன் கம்பி இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடேறி ஒளிர்கிறது. வாங்கும் கரண்ட்டில் பெரும்பங்கு சூடாகவே போய்விடும். அதனால்தான் கோழிக்குஞ்சுக்குக் கதகதப்புக்கு அந்தப் பல்பைத் தொங்கவிடுகிறார்கள். எல்.இ.டி. பல்பில் அந்த வேலை நடக்காது. டியூப் லைட் உடைந்தால் பிள்ளைகள் தொடவே கூடாது, உள்ளே கொஞ்சம் பாதரசம் உண்டு.

கார்த்திகைக்குப் பாடத்தோடு சேர்த்து என்ன செய்யலாம்?

நம் பகுதியில் ஒளிமூலப் பாடத்துக்குக் கார்த்திகையைவிட நல்ல நாள் இல்லை. முடிந்தால் பாடத்தையே அந்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

மாவளியிலிருந்து தொடங்குங்கள். பட்டாசு தெரிந்த அளவுக்கு இப்போதைய பிள்ளைகளுக்கு மாவளி தெரியவில்லை. ஆனால் தாத்தா ஒருவர் வீட்டில் இருந்தால் போதும், செய்துகொடுத்துவிடுவார். ஆண் பனையின் காய்ந்த பூக்கதிரைச் சேர்த்து, குழியில் போட்டுப் புகையவிட்டுக் கரியாக்கி, இடித்துத் தூளாக்குவார்கள். அந்தத் தூளைப் பருத்தித் துணியில் இறுக்கமாகச் சுருட்டிக் கட்டி, பனை மட்டைப் பிளவுகளுக்கு நடுவே செருகி, நீளமான கயிற்றில் முடிவார்கள். முனையில் நெருப்புக் கங்கு வைத்துத் தலைக்கு மேலே சுற்றினால் பொறி பூவாகக் கொட்டும். "மாவளியோ மாவளி" என்று தெரு முழுக்கச் சத்தம்.

இதில் எத்தனை பாடம் இருக்கிறது பாருங்கள். காலையில் பிள்ளை கையில் வைத்திருந்தது கன்னங்கரேல் என்ற தூள். போர்வைக்குள் கொண்டுபோனால் அதைவிட இருட்டான பொருள் கிடையாது. சாயங்காலம் அதே தூள் ஒளிமூலமாகிவிட்டது. நடுவில் என்ன நடந்தது? நெருப்பு சேர்ந்தது, சூடானது, ஒளிர்ந்தது. ஒரு பொருள் என்றைக்கும் ஒளிமூலமாகவே இருக்க வேண்டியதில்லை என்பதை ஒரு பக்கம் விளக்கி எழுதினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது.

சுற்றும்போது ஏன் பிரகாசமாகிறது? காற்று அதிகமாகப் படுகிறது, அடுப்பை ஊதுகிற மாதிரிதான். சுற்றுவதை நிறுத்தினால் மங்கும். பொறியின் நிறத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். புறப்படும்போது மஞ்சளாக இருக்கும், விழ விழ ஆறிச் சிவப்பாகும், அப்புறம் அணைந்துவிடும். சூடு குறைந்தால் நிறம் மாறுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஒரு கங்குதான் சுற்றுகிறது, நமக்கு ஏன் முழு வளையமாகத் தெரிகிறது என்று யாராவது கேட்டால் பாராட்டுங்கள். கண்ணில் பட்ட வெளிச்சம் உடனே மறைவதில்லை, நொடியில் ஒரு சின்னப் பங்கு நேரம் தங்குகிறது. அது மறைவதற்குள் கங்கு ஒரு சுற்று வந்துவிடுகிறது.

மாவளி சுற்றுவது பெரியவர்கள் மட்டும். பருத்தி உடை, திறந்த வெளி, வைக்கோல் போரும் கூரையும் பக்கத்தில் இல்லாத இடம். பிள்ளைகள் பத்தடிக்கு அப்பால் நிற்கட்டும்.

அப்புறம் திருவண்ணாமலை தீபம். 1989 வரை அதுவும் நம் வட ஆற்காடு மாவட்டம்தான். 2,668 அடி உயர மலை உச்சியில் கொப்பரையில் ஏற்றும் தீபம் பல மைல் தூரத்துக்குத் தெரிகிறது. ஒரு கொப்பரை வெளிச்சம் அவ்வளவு தூரம் எப்படி வருகிறது? நடுவில் மலையோ மரமோ மறைக்காவிட்டால் வெளிச்சம் நேராக வந்துகொண்டே இருக்கும். நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் அதன் வேகம். 30 கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது வந்துசேர, ஒரு நொடியைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். சூரியனிலிருந்து நம் ஊருக்கு வர மட்டும் எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. "அப்போ நாம பாக்கறது பழைய வெயிலா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம், பழைய வெயில்தான்.

சூரியனைப் பிள்ளைகள் பார்க்கலாமா?

நேராகப் பார்க்கக் கூடாது. ஒரு நொடிகூட விளையாட்டுக்குச் சொல்லாதீர்கள். விழித்திரைக்கு வலி தெரியாது. அது கருகும்போது பிள்ளை அழாது, பிறகுதான் பார்வையில் ஓட்டை தெரியும். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி எதுவும் காப்பாற்றாது.

சூரியனின் உருவத்தைப் பார்க்க வேறு வழி இருக்கிறது. பகலில் புளிய மரத்தடியில் நிழலுக்கு நடுவே வட்ட வட்டமாக வெளிச்சம் விழுந்திருக்கும், அந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். இலை இடுக்குகள் ஊசித்துளை போல வேலை செய்கின்றன. 2019 டிசம்பர் 26 காலையில் கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் வளையச் சூரிய கிரகணம், நமக்குப் பகுதி கிரகணம். அரையாண்டு விடுமுறை. தெருப் பிள்ளைகளைக் கூட்டி மரத்தடிக்குப் போனேன். தரை முழுக்கப் பிறை பிறையாகக் கொட்டிக்கிடந்தது. ஒரு பாட்டி சமையல் கரண்டியில் இருந்த ஓட்டைகளைக் காட்டி, "இதுலயும் வருதும்மா" என்றார். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பிறை.

இன்னொன்று. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கடைகளில் கையடக்க லேசர் லைட் விற்கிறார்கள். பிள்ளைக்கு வாங்கித்தராதீர்கள். நேராகக் கண்ணில் அடித்தால் விழித்திரைக்குக் கெடுதல். இதில் நான் கண்டிப்பாகவே இருக்கிறேன்.

நட்சத்திரங்களைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்?

"சூரியனும் ஒரு நட்சத்திரம், மற்றவை ரொம்ப ரொம்பத் தூரத்தில் இருக்கிற சூரியன்கள்" என்பது போதும். அதைக் கேட்டபின் ஒரு பிள்ளை இரவில் வானத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

முடிந்தவர்கள் காவலூருக்குக் கூட்டிப்போங்கள். ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தைத் தாண்டி, வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. இப்போது திருப்பத்தூர் மாவட்டம், முன்பு நம் வேலூர் மாவட்டம். அங்கே உள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஏன் மலைக்காட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஊர் விளக்குகளின் வெளிச்சம் இல்லாத இருட்டு வேண்டும் என்று பதில் வந்தால், ஷூ பெட்டிப் பாடம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். பார்வையாளர் நாளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

காவலூர்க் கதை ஒன்று வகுப்பில் எப்போதும் எடுபடும். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்துபோனது. கோள் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் வெளிச்சம் திடுமெனக் குறைந்து மீண்டது. காவலூரிலிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியிலும் இதைப் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்தது அந்தக் கடப்பில்தான். வகுப்பில் டார்ச்சுக்கு முன்னால் ஒரு வளையல் மாட்டிய பந்தை நகர்த்திக் காட்டுங்கள். ஒளி மறைவதை வைத்து, கண்ணுக்குத் தெரியாததையும் கண்டுபிடிக்கலாம் என்று புரியும்.

மின்மினிப் பூச்சியைப் பிடித்துப் பாட்டிலில் காட்டலாமா?

வேண்டாம். இருக்கும் இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போங்கள். மழை விட்ட இரவுகளில் மலையடிவாரத்து ஊர்களில், ஓடை ஓரத்தில் கிடைக்கும். அதன் வயிற்று நுனியில் லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது வெளிச்சம் வருகிறது, சூடு ஏறக்குறைய இல்லை. இணையைக் கூப்பிடத்தான் அது மினுக்குகிறது. நம் வீட்டு விளக்கும் ஹெட்லைட்டும் அந்தச் சைகையைக் குழப்பிவிடும். டார்ச்சை நிறுத்திவிட்டு நில்லுங்கள்.

என் குழந்தைக்கு இருட்டு என்றால் பயம். இந்தச் சோதனைகள் பயத்தைக் கூட்டாதா?

கட்டாயப்படுத்தினால் கூட்டும். பயப்படுகிற பிள்ளையைப் போர்வைக்குள் அனுப்பாதீர்கள், டார்ச்சை அதன் கையில் கொடுத்து வெளியே நிற்கவையுங்கள். போடுவதும் நிறுத்துவதும் அதன் பொறுப்பு. எங்கள் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இரண்டு வாரம் டார்ச்காரியாகவே இருந்தாள். மூன்றாவது வாரம் தானே வந்து, "நான் உள்ள போறேன், நீ போடு" என்று பக்கத்துப் பிள்ளை கையில் டார்ச்சைக் கொடுத்தாள். பூச்சாண்டி வருவான், பேய் வரும் என்று வீட்டில் சொல்லி மிரட்டாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தயவுசெய்து அதை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

நிழல் பாடத்தை இதோடு சேர்க்கலாமா?

அடுத்த வாரத்துக்கு வையுங்கள். ஒளிமூலம் எது என்று தெரிந்தபிறகு நிழல் தானாகவே எளிதாகும். அதற்குக் கோட்டைக்கே போகலாம். காலையில் மதில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, சாயங்காலம் எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பார்க்கலாம். அகழித் தண்ணீரில் மதில் தலைகீழாகத் தெரிவதையும் காட்டுங்கள்.

வகுப்பில் நேரம் கிடைக்கவில்லை என்றால் வீட்டில் பெற்றோர் எதைச் செய்யலாம்?

ஒன்றே ஒன்று. அடுத்த முறை இரவில் கரண்ட் போகும்போது உடனே செல்போன் டார்ச்சைப் போடாதீர்கள். ஒரு நிமிடம் பிள்ளையை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, "இப்போ எங்கெங்கே இருந்து வெளிச்சம் வருது, பார்த்துச் சொல்லு" என்று கேளுங்கள். ஜன்னலில் நிலா, எதிர்வீட்டு இன்வெர்ட்டர் லைட், தூரத்தில் போகும் ரயில், சாமி மாடத்து விளக்கு. ஒவ்வொன்றுக்கும் "அது அதோட வெளிச்சமா, வாங்கின வெளிச்சமா?" என்று கேட்டுவிட்டு, அது சொல்லும்வரை காத்திருங்கள். கரண்ட் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை.